பத்து ஜோடிச் செருப்பு

மிர்திஸ், கலிம்னோஸ் தீவு, கிரீஸ்
20 ஆகஸ்ட் 1986

அன்புள்ள தெமெலினா,

நீ ஆஸ்திரேலியாவில் டார்வின் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று எண்ணி எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை காபி வைத்துவிட்டு உன் கதவைத் தட்டினேன். விரிப்பு மடித்து வைத்திருந்தது, பெட்டி இல்லை. பஸ் பிடித்துப் பொத்தியா துறைமுகத்துக்கு வருவதற்குள் கப்பல் முனையைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒன்பது நாள் இருப்பதாகச் சொல்லித்தானே வந்தாய்?

சனிக்கிழமை நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். கணக்கு குழம்பினால் என் பள்ளிப் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்வேன். அழிக்காதே, முதல் வரியிலிருந்து மறுபடி போடு.

படகில் நாம் பத்துப் பேர். நீ, நான், சித்தப்பா மகன் சகெல்லாரிஸ், அவன் மனைவி இரினி, ரோடஸிலிருந்து வந்த இரினியின் தங்கை குடும்பத்தார் ஆறு பேர். சகெல்லாரிஸின் படகில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். பலகைக்கு எண்ணெய் பூசி வைத்திருப்பான், செருப்புக் காலைப் பார்த்தால் கத்துவான். அந்த வழக்கத்தோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். நாம் போன ஆட்டுத் தீவின் கரையெல்லாம் காலைக் குத்தும் கடல்முள்ளி. ஆகவே கரையேறுகிறவர் தன் செருப்பை எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்பியதும் கூடையில் போட வேண்டும். கூடை நிறைந்திருந்தால் படகும் நிறைந்திருக்கிறது என்று பொருள். பள்ளிச் சுற்றுலாவில் தொப்பிகளை வைத்து இப்படித்தான் எண்ணுவேன். முப்பத்தொரு வருடம், ஒரு பிள்ளையைக்கூட விட்டு வந்ததில்லை.

நான் விதியைச் சொன்னபோது சகெல்லாரிஸ், "வாத்தியாரே, இது படகு. கையக் கட்டிக்கிட்டு உக்காரணுமா, இல்ல சும்மா உக்காரலாமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

எவ்வளவு நல்ல நாள் அது. பாயை விரித்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டான். வலைப்பையில் தர்பூசணியைக் கட்டித் தண்ணீரில் விட்டிருந்தோம், அது நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. தீவில் நங்கூரம் போட்டு, குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடி குளித்தோம். மூன்று மணிக்கு வடக்குக் காற்று எழுந்தது. சகெல்லாரிஸ் மூன்று தடவை சங்கு ஊதினான். நான் கூடையை எண்ணினேன். பத்து ஜோடி. இரண்டாம் தடவையும் பத்து. கிளம்பினோம்.

நாலரை மணிக்கு மிர்திஸ் கரையில் ஒவ்வொருவராகச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கூடையில் ஒரு நீல ஜோடி மிச்சம் இருந்தது. "இது யாரோடது?" என்றாள் இரினி. அப்போதுதான் நீ இல்லை என்று தெரிந்தது. சகெல்லாரிஸ் கட்டிய கயிற்றை அப்போதே அவிழ்த்துவிட்டான். பாதி வழியில் அந்த லெரோஸ் தீவு மீன்படகு எதிரே வந்தது, முன்பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய்.

தவறு விதியில் இருக்கிறது. வெறுங்காலோடு ஒருவர் கரையேறினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. விதியை எழுதியவன் நான், ஆகவே தவறும் என்னுடையதே. காலையில் படகில் நாம் பேசிக்கொண்டதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உன் அண்ணன்
அர்கிரிஸ்


டார்வின்
9 செப்டம்பர் 1986

ஆசிரியர் அர்கிரிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு கூடையைப் பற்றி இவ்வளவு விவரமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. தயவுசெய்து போன் செய்ய வேண்டாம். போனில் நீங்கள் வகுப்பெடுப்பீர்கள், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன், செலவு உங்களுக்கு.

வரிசையாகச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் நிரப்புகிறேன்.

பாய் விரித்து, இயந்திரம் நின்று, தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நேரம். நான் உங்கள் இடதுபுறம் உட்கார்ந்திருந்தேன். என் புருஷன் இறந்துபோன பிறகு இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக மனதில் வைத்திருந்ததை, அந்தக் காற்று கொடுத்த தைரியத்தில் சொன்னேன். "அடுத்த வருஷம் நிரந்தரமா வந்துடலாம்னு இருக்கேன் அண்ணா. நம்ம வீட்டுக்கே."

உடனே நீங்கள் சொன்னது: "கீழ் அறையில ஈரம்."

பிறகு தண்ணீர்த் தொட்டியில் விரிசல். பிறகு குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்தால் கோஸ் தீவு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருப்பது. பிறகு, "ஒரு உதாரணம் சொல்றேன்" என்று அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து மூன்றே மாதத்தில் ஓடிப்போன விதவையின் கதை. சகெல்லாரிஸ்கூட, "விடுங்க வாத்தியாரே, அக்கா இன்னும் துணியே நனைக்கல, அதுக்குள்ள ஈரத்தப் பத்திப் பேசுறீங்க" என்றான். நீங்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த நல்ல நாள். இங்கே வாசலில் கடல் இருக்கிறது, காலை வைக்க முடியாது. ஆறு மாதம் ஜெல்லி மீன், வருடம் முழுக்க முதலை. இருபத்திரண்டு வருடம் குளோரின் வாசனைத் தொட்டியில் நீந்தியவள் நான். ஆட்டுத் தீவில் குதித்தபோது தண்ணீர் காதில் ஏறியது, உப்பு மூக்கில் ஏறியது, அடியில் என் நிழல் மணலில் ஊர்ந்தது. என் வயது மறந்துபோயிற்று. அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு நீங்களெல்லாம் படுத்தீர்கள். நான் படகின் மறுபக்கமாக இறங்கி, பாறையைச் சுற்றி அந்தச் சின்னக் கடற்கரைக்கு நீந்திப்போனேன். பாறை நிழலில் உட்கார்ந்தேன். பிறகு மேடேறிப் பார்த்தபோது உங்கள் பாய் தெரிந்தது, தூரத்தில். கத்தினேன். நாலு ஆடு திரும்பிப் பார்த்தது. நனைந்த குளியல் உடுப்பில் ஒன்றரை மணி நேரம். அதே உடுப்பில், லெரோஸ்காரர் கொடுத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு மிர்திஸ் கரையில் இறங்கினேன். காபிக்கடை வாசலில் நாற்காலியெல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தது.

ஒரே கேள்வி. உங்கள் இடதுபுறம் ஒன்றரை மணி நேரம் காலியாக இருந்ததே, நீங்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையா?

தெமெலினா


மிர்திஸ்
24 செப்டம்பர் 1986

அன்புள்ள தெமெலினா,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். யாரோ ஒரு பெற்றோர் எழுதிய புகார்க் கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தேன். இடம் காலியாகத்தான் இருந்தது. நீ முன்பக்கம் நிழல்துணிக்கு அடியில் தூங்குவதாக நினைத்தேன். அங்கே பழைய போர்வைகள் குவிந்து கிடந்தன, உன்னுடைய துண்டும் கிடந்தது. நீந்திக் களைத்த ஆள் படுக்கிற இடம் அதுதான்.

உன் கடிதம் வந்தபின் நானும் சரிபார்க்கக் கிளம்பினேன். அதில்தான் குழப்பம் கூடிப்போயிற்று. மூன்று மணிக்குக் கிளம்பினோம் என்று நான் எழுதினேன். இரண்டரை என்கிறாள் இரினி. "கடிகாரம் கட்டிக்கிட்டு யாரு கடலுக்குப் போவா?" என்கிறான் சகெல்லாரிஸ். ரோடஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இரினி தங்கையின் கடைசிப் பெண், "அத்தை தூங்குறத நான் பாத்தேன்" என்கிறாள். எப்படிப் பார்த்திருக்க முடியும்? அவள் அக்கா, நீ வரும்போது பாட்டுப் பாடினாய் என்கிறாள். அது போகும்போது இல்லையா?

ஒரே வாக்கியத்தை முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதச் சொன்னால் முப்பது வாக்கியம் கிடைக்கும். அவர்கள் பொய் எழுதவில்லை. காதில் விழுந்ததைக் கை தன் பழக்கத்துக்கு எழுதிவிடுகிறது. அன்றைய நாளும் அப்படித்தான் ஆகிவிட்டது. படகில் இருந்த ஒன்பது பேரிடமும் ஒன்பது சனிக்கிழமை இருக்கிறது. என்னிடமே இரண்டு இருக்கிறது. ஒன்றில் நான் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறேன், ஒன்றில் பார்க்கவில்லை. எது நடந்தது, எது பிறகு நான் சேர்த்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காபிக்கடையில் என்னைப் பார்த்தால், "வாத்தியாரே, எத்தன காபி? எண்ணிச் சொல்லுங்க" என்கிறார்கள். அதற்கு நான் தகுதியானவன்தான்.

ஆனால் ஈரம் உண்மை. கீழ் அறைச் சுவரைத் தொட்டால் விரலில் வரும். அதைச் சொன்னது உன் நன்மைக்கு.

அர்கிரிஸ்


டார்வின்
12 அக்டோபர் 1986

அண்ணா,

"நீங்கள்" போதும், எனக்கே கை வலிக்கிறது.

இரினி எழுதியிருக்கிறாள். நான் கேட்டு அவள் எழுதவில்லை, அவளாகவே எழுதினாள். அப்படியே கீழே தருகிறேன்.

"அக்கா, எனக்கு மனசு ஆறல. தீவ விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் நான் கேட்டேன், தெமெலினா எங்கேன்னு. வாத்தியார் சுக்கான் பக்கத்துல உக்காந்திருந்தாரு. 'தூங்குறா, எழுப்பாதே'ன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் தர்பூசணி வெட்டப் போயிட்டேன். நானே போய்ப் பாத்திருக்கணும்."

நினைத்தேன் என்று எனக்கு எழுதினாய். அவளிடம் சொல்லியிருக்கிறாய். நினைப்பது ஒன்று, ஒரு பெண் எழுந்து பார்க்கப் போகும்போது அவளை உட்கார வைப்பது வேறு. எழுப்பாதே என்று சொல்ல, நான் தூங்குவதை நீ பார்த்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாயா?

அண்ணா, நான் மிகவும் குழம்பிப்போயிருக்கிறேன். காலையில் எழுந்தால், வயதாகிவிட்டது, மறந்துவிட்டான் என்று தோன்றுகிறது. மத்தியானம் துணி காயப்போடும்போது, இல்லை, தெரிந்துதான் போனான் என்று தோன்றுகிறது. இரண்டில் எது மோசம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று விட்டுப் போவதற்காவது ஒருத்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். மறப்பதற்கு அதுகூடத் தேவையில்லை.

வீட்டைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அம்மாவின் வீடு மூத்த மகளுக்கு. அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது, எனக்கும் அப்படித்தான் வந்தது, நம் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். நான் கப்பலேறியபோது, "நீ இரு அண்ணா, வீட்டுக்கு ஆள் வேணும்" என்று நான்தான் சொன்னேன். இருபத்திரண்டு ஈஸ்டருக்கு நீ சுண்ணாம்பு அடித்திருக்கிறாய். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் "என் வீட்டுக்கு" என்று சொல்லவில்லை. "நம்ம வீட்டுக்கு" என்று சொன்னேன். நீ கவனித்தாயா?

கேட்கிறேன், நேராகப் பதில் சொல். உதாரணம் வேண்டாம். நான் வருவது உனக்குப் பிடிக்கவில்லையா?

தெமெலினா


மிர்திஸ்
30 அக்டோபர் 1986

தெமெலினா,

இது ஏழாவது தாள். ஆறைக் கிழித்துவிட்டேன்.

நான் உன்னைப் பார்க்கவில்லை. இரினி கேட்டபோது எழுந்து நாலு அடி நடந்திருந்தால் முன்பக்கம் தெரிந்திருக்கும். நான் நடக்கவில்லை. "தூங்குறா, எழுப்பாதே" என்றேன். அது வாயில் தயாராக இருந்தது. இரினி எழுதியது சரி. போன கடிதத்தில் இரண்டு சனிக்கிழமை என்று எழுதினேனே, அது பொய். என்னிடம் இருப்பது ஒன்றுதான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சொல்கிறேன். காற்று பின்னாலிருந்து வந்தது, பாய் ஒரு சுருக்கமில்லாமல் நின்றது. கயிற்றில் தொங்கவிட்ட பேய்க்கணவாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் விதையைத் துப்பி விளையாடினார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் இடம் காலியாக இருந்ததால் நிம்மதியாக இருந்தது. நீ தூங்கினால் காலையில் விட்ட பேச்சு தொடராது. கரை சேரும் வரை வீடு என்னுடையதாக இருந்தது.

நம் ஊரில் ஆணுக்கு வீடு கிடையாது. கல்யாணம் செய்திருந்தால் மனைவியின் வீட்டுக்குப் போயிருப்பேன். செய்துகொள்ளவில்லை, அதனால் தங்கை வீட்டில் இருக்கிறேன். இதை எனக்கு யாரும் சொல்லிக்காட்டியதில்லை. நானேதான் ஒவ்வொரு தடவை கதவைப் பூட்டும்போதும் சொல்லிக்கொள்கிறேன். நீ வருகிறேன் என்றதும் என் கண்ணில் தெரிந்தது உன் முகம் இல்லை. மேல் அறையும், ஜன்னலுக்குக் கீழே என் மேசையும்தான். அறுபத்தாறு வயதில் அந்த மேசையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்று பயந்தேன். அதனால் ஈரம் என்றேன். ஈரம் இருக்கிறது. நான் சொன்ன அளவுக்கு இல்லை.

நீ தீவில் இருப்பது தெரிந்து விட்டு வந்தேனா? இல்லை. மிர்திஸ் கரையில் அந்த நீலச் செருப்பைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, சகெல்லாரிஸைக் கேட்டுப் பார். ஆனால் நீ படகில் இருக்கிறாயா என்று நான் பார்க்காமல் இருந்தது தற்செயலா? அங்கேதான் நிற்கிறேன். முன்னால் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. என் பிள்ளைகளில் யாராவது இப்படி ஒரு விடையை எழுதியிருந்தால் முழுமையில்லை என்று வட்டம் போட்டிருப்பேன்.

ஆகவே ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று வீட்டைக் காலி செய்தேன். சகெல்லாரிஸின் வலைக்கொட்டகைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது, அங்கே கட்டிலையும் மேசையையும் கொண்டுபோய்விட்டேன். தொட்டி விரிசலைப் பூசியாயிற்று. சாவி இரினியிடம் இருக்கிறது. உன் வீட்டுக்கு நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம். யாரும் குறுக்கே இல்லை.

அர்கிரிஸ்


டார்வின்
2 நவம்பர் 1986

அண்ணா,

நீ பதில் எழுதுவதற்குள் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உன் பதில் வந்துவிட்டால் எனக்குச் சொல்ல மனம் வராது.

சங்குச் சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்று தடவையும் கேட்டது. பாறை நிழலில் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் தைம் மூலிகைப் புதர் வாசனை, எதிரே கடல், யாருமில்லை. முதல் சங்குக்கு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவதற்கு, கொஞ்சம் தேடட்டுமே என்று நினைத்தேன். மூன்றாவதற்கு, அர்கிரிஸ் வரட்டும், வேறு யாரும் வேண்டாம், அவன் பாறையைச் சுற்றி நீந்தி வந்து, "உன்னக் காணோம்னு வந்தேன்" என்று சொல்லட்டும், அப்போது எழுந்திருப்பேன் என்று நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் நினைக்கிற நினைப்பா இது?

செருப்பைக் கூடையில் விட்டுப் போனதும் தெரியாமல் இல்லை. உன் விதியை நான் கவனமாகக் கேட்டிருந்தேன். எடுக்கக் கை போயிற்று, எடுக்கவில்லை. ஈரம், விரிசல், நெஞ்சுவலி, இப்போது கடல்முள்ளி, எல்லாவற்றுக்கும் இவனுக்கு ஒரு எச்சரிக்கை என்று கோபம். வெறுங்காலோடு போனேன், ஒரு முள்ளும் குத்தவில்லை. அதில் எனக்கு அற்பமான ஒரு சந்தோஷம்.

மேடேறிப் பாயைப் பார்த்தபோதுதான் பயந்தேன். அப்போதுகூட, இதோ திருப்புவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். நீங்கள் யாரும் திருப்பவில்லை.

லெரோஸ் மீன்காரர் என்னை ஏற்றிக்கொண்டு, "யாரு வீட்டு ஆளும்மா நீ?" என்று கேட்டார்.

"மிர்திஸ் வாத்தியார் அர்கிரிஸோட தங்கச்சி."

"அவரா விட்டுட்டுப் போனாரு? எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல இருந்தப்ப எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தவரும்மா. ஒரு சைபர விட்டாக்கூட நிக்க வெச்சிருவாரே."

நான் சிரித்துவிட்டேன். உன்மேல் அவ்வளவு கோபமாக இருந்தபோதும் சிரித்தேன். இதையும் நான் உனக்குச் சொல்லவில்லை.

ஆக, யார் யாரை விட்டார்கள் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. உன்னைக் குற்றவாளியாக்கி மூன்று கடல் தாண்டி ஓடி வந்தேன், ஆனால் பாதி என் கையில் இருக்கிறது. இந்த மனதோடு ஒரே கூரையின் கீழ் வந்து உன்னைச் சோதித்துக்கொண்டே இருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே நான் வரவில்லை. இங்கே நம் தூதரக அதிகாரியைப் பார்த்தேன். வீட்டை உன் பெயருக்கு எழுதிக் கொடுக்க என்ன தாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நீ அங்கேயே இரு. மேல் அறை உன்னுடையது.

தெமெலினா


மிர்திஸ்
15 நவம்பர் 1986

தெமெலினா,

உன் கடிதத்தை வலைக்கொட்டகை மாடியில், தார் வாசனையில் உட்கார்ந்து படித்தேன். என் கடிதத்தை நீயும் இதற்குள் படித்திருப்பாய். இரண்டும் நடுக்கடலில் எங்கோ ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன.

முதலில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. மூன்று மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்குச் சங்கு கேட்டிருக்கிறது. "கேட்டுச்சா அவளுக்கு?" என்று சகெல்லாரிஸிடம் கத்தினேன். அவன் வலையைத் தைத்துக்கொண்டே, "கேக்காம என்ன வாத்தியாரே, நான் ஊதினா துருக்கிக்கே கேக்கும்" என்றான். முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "நீங்க ரெண்டு பேரும் சண்ட போடறப்ப நடுவுல நான் எதுக்கு? மீனப் புடிச்சாவது காலம் தள்ளலாம்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விட்டது. நீ சங்கைக் கேட்டதால் நான் நாலு அடி நடக்காதது சரியாகிவிடாது. நான் நடந்திருந்தால், நீ நினைத்தபடி நீந்தி வந்து கூப்பிட்டிருப்பேன்.

இப்போது நிலைமையைக் கேள். வீட்டில் நீயும் இல்லை, நானும் இல்லை. எனக்கு வேண்டாம் என்று நான் பூட்டினேன், உனக்கு வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுக்கப் போகிறாய். இரினி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இத நான் என்ன பண்ண? கழுத்துல கட்டிக்கவா?" என்று கேட்கிறாள். "ரெண்டு பேருக்கும் வேணாம்னா சொல்லுங்க, என் வலையக் கொண்டுபோய்ப் போட்டுக்கறேன், மாடியில உங்க கொறட்ட தாங்கல" என்கிறான் சகெல்லாரிஸ். நவம்பர் மழை பிடித்துவிட்டது. நேற்று அந்தப் பக்கமாகப் போனேன். வழக்கத்தில் கை சட்டைப்பையில் சாவியைத் தேடிற்று.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. போட்டு அனுப்பினாலும் வாங்க மாட்டேன். அது அம்மா உனக்குக் கொடுத்தது. நான் வாங்கினால், அன்று படகில் எனக்கு வந்த நிம்மதிக்குப் பத்திரம் எழுதினது மாதிரி ஆகிவிடும்.

நேராகக் கேட்டாயே, நீ வருவது எனக்குப் பிடிக்கவில்லையா என்று. அதற்கு நான் பதிலே எழுதவில்லை. வீட்டைக் காலி செய்தேன், அதைப் பதில் என்று நினைத்துக்கொண்டேன். பதில் இது: பயமாக இருக்கிறது. பிடிக்கவில்லை என்பது இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் எனக்கே பிரித்துப் பார்க்க இவ்வளவு நாள் ஆயிற்று.

வா.

அர்கிரிஸ்


டார்வின்
29 நவம்பர் 1986

அண்ணா,

உன் இரண்டு கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். முதலாவதில் எனக்காக நீ வீட்டை விட்டுப் போகிறாய். என் கடிதத்தில் உனக்காக நான் வீட்டை விட்டுப் போகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாம் மிக நல்ல அண்ணன் தங்கை. உண்மையில் இரண்டு பேருமே, நீ இரு, நான் போகிறேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோம். சின்ன வயதில் ஒரே கட்டிலுக்காகச் சண்டை போட்டு இரண்டு பேரும் தரையில் படுத்தோமே, அம்மா வந்து இரண்டு பேரையும் விளாசினாளே, அது இதுதான். உனக்காக ஒரு உதாரணம்.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டேன். ஏப்ரல் பதினொன்று, சனிக்கிழமை, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல். ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்னால்.

இப்போது என் விதிகள். வீடு என்னுடையது. அதில் நீ இருப்பாய். அது உன் தியாகமும் இல்லை, என் தர்மமும் இல்லை, எனக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். மேல் அறையை நீயே வைத்துக்கொள், உன் மேசை அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், வேறு இடத்தில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. கீழ் அறையில் நான் அடுப்பு மூட்டி ஈரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நான் காபி குடித்து முடிக்கும் வரை யாருடைய கதையையும் எனக்குச் சொல்லக் கூடாது. எனக்குக் கோபம் வந்தால் நான் எழுந்து எங்கேயாவது போவேன், அந்தக் குணம் போகாது. நீ தேடி வர வேண்டும். உனக்குப் பயம் வந்தால் நீ ஈரத்தைப் பற்றிப் பேசுவாய், அதுவும் போகாது. நான் புரிந்துகொள்ள முயற்சி செய்வேன்.

மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதே. உன்னையா என்னையா என்பதே எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

வருகிற கோடையில் ஆட்டுத் தீவுக்குப் போக வேண்டும். இங்கே இன்று அனல் வெயில், கடல் பத்தடி தூரத்தில் இருக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெமெலினா


மிர்திஸ்
14 டிசம்பர் 1986

தெமெலினா,

கட்டில் திரும்பி வந்துவிட்டது. மேசையும் வந்துவிட்டது. படிக்கட்டில் தூக்கும்போது சகெல்லாரிஸ், "இன்னொரு தடவ மனசு மாறினா மேசைக்குச் சக்கரம் வெச்சுக்கங்க வாத்தியாரே" என்றான். இரினி சாவியை என் கையில் கொடுக்கவில்லை, கதவில் செருகிவிட்டுப் போனாள். கீழ் அறையில் இன்று காலை அடுப்பு மூட்டினேன். புகைபோக்கியில் பறவைக்கூடு இருந்தது, எடுத்துவிட்டேன். உன் விதிகளை ஏற்றுக்கொள்கிறேன். காபி விதியில் ஒரு திருத்தம் கேட்கலாம் என்றிருந்தேன், கேட்கவில்லை.

ஒரு விஷயத்தில்தான் வழி தெரியவில்லை. ஏப்ரல் பதினொன்றாம் தேதி நான் பொத்தியா துறைமுகத்தில் நிற்பேன், நீ கப்பலிலிருந்து இறங்குவாய். அப்போது என்ன சொல்வது? ஒரு வாரமாக நடக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். வா வா என்றால், உன் வீட்டுக்கு உன்னை நான் அழைக்கிற மாதிரி இருக்கிறது. மன்னித்துக்கொள் என்றால், துறைமுகமே கேட்கும், மன்னிப்பைப் பற்றிக் கேட்காதே என்று நீயும் எழுதியிருக்கிறாய். பயணம் எப்படி என்று கேட்டால், போன ஆகஸ்ட்டில் நீ போன பயணம் நினைவுக்கு வந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டால், நீ வேறு விதமாக எடுத்துக்கொள்வாய்.

ஆகவே நீயே முதலில் பேசு. திட்டினாலும் சரி.

அர்கிரிஸ்